செதுக்கிய சீன லாக்கரில் பறவையும் பூவும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அருங்காட்சியகத்தில் ஒரு சிவப்புத் தட்டைப் பார்த்துவிட்டு வந்து, "அது என்ன, மரமா, பிளாஸ்டிக்கா?" என்று கேட்டவர்கள் பலர். அவர்களுக்கு அவ்வப்போது சொன்ன பதில்களை ஓரிடத்தில் சேர்த்திருக்கிறேன். எனக்குப் பிடித்த இடங்களில் பதில் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

செதுக்கிய லாக்கர் என்றால் என்ன?

முதலில் ஒரு மரத்தட்டு. அதன் மேல் லாக்கர் மரத்தின் பாலை நிறம் கலந்து மிக மெல்லியதாகப் பூசுகிறார்கள். காய்ந்ததும் இன்னொரு பூச்சு. அது காய்ந்ததும் இன்னொன்று. இப்படிப் பல பத்து முறை, சில சமயம் நூறு முறைக்கும் மேல் பூசி, சில மில்லிமீட்டர் கனம் ஏறிய பிறகு, அந்தக் கனத்துக்குள் கத்தியை இறக்கிப் பூவும் பறவையும் செதுக்குகிறார்கள். மரத்தைச் செதுக்கி மேலே வண்ணம் அடித்ததாகத்தான் முதலில் பார்ப்பவர்கள் நினைப்பார்கள். கத்தி மரத்தைத் தொடுவதே இல்லை. செதுக்கப்படுவது முழுக்கப் பூச்சுதான்.

சீனத்தில் இதன் பொதுப்பெயர் தியாவ்ச்சி. சிவப்பாக இருந்தால் திஹோங், கறுப்பாக இருந்தால் திஹேய். பல நிறங்களை அடுக்கடுக்காகப் பூசி, வேண்டிய நிறம் வரும் ஆழம் வரை வெட்டினால் திசாய். நான்காவதாகத் திசி என்று ஒன்று உண்டு: சிவப்பும் கறுப்பும் மாறி மாறிப் பூசி, சுருள் கோலமாகச் சரித்து வெட்டி, வெட்டிய சரிவில் நிறக்கோடுகள் தெரியும்படி விடுவது. பறவைகளும் பூக்களும் வருவது முதல் மூன்றில்.

இது அரக்குதானே? தமிழில் அப்படித்தானே எழுதுகிறார்கள்?

எழுதுகிறார்கள். தவறு. அரக்கு பூச்சியிலிருந்து வருவது. மரக்கிளைகளில் கூட்டமாக ஒட்டி வாழும் சிறு பூச்சி சுரக்கும் பிசின் அது. பார்சலுக்கு முத்திரை வைக்க உருக்கியதும், சென்னப்பட்டணா பொம்மைக்குப் பளபளப்புத் தருவதும், தச்சர் ஸ்பிரிட்டில் கரைத்து மேசைக்குப் பாலிஷ் போடுவதும் அதுவே. சூட்டில் உருகும், ஸ்பிரிட்டில் கரையும்.

சீன லாக்கர் மரத்தின் பால். ஒருமுறை இறுகிவிட்டால் சூட்டில் உருகாது, ஸ்பிரிட்டில் கரையாது, அமிலத்துக்கும் எளிதில் அசையாது. இரண்டும் வெவ்வேறு பொருள்கள். குழப்பத்துக்கு ஐரோப்பியர்களும் ஒரு காரணம்: லாக்கர் என்ற சொல்லே, அரக்கைக் குறிக்கும் 'லாக்ஷா' என்ற வடசொல்லின் வழிவந்தது. நம் ஊர்ப் பூச்சியின் பெயரைச் சீன மரத்துக்கு வைத்துவிட்டார்கள். 'லாக்கர்' என்றால் நமக்கு வங்கியில் நகை வைக்கும் பெட்டகம்தான் நினைவுக்கு வரும் என்பது வேறு சிக்கல். இருந்தாலும் வேறு நல்ல சொல் கிடைக்கும் வரை லாக்கர் என்றே எழுதுகிறேன். அரக்கு என்று எழுத மனம் வரவில்லை.

அந்த மரப்பால் தோலைப் புண்ணாக்கும் என்கிறார்களே?

உண்மை. லாக்கர் மரம் மாமரத்துக்கும் முந்திரிக்கும் சேங்கொட்டைக்கும் சொந்தக்காரன். எல்லாம் ஒரே தாவரக் குடும்பம். மாங்காய்க் காம்பின் பால் பட்டு உதடு வெந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சலவைக்கு வந்த துணியில் சேங்கொட்டைச் சாற்றால் குறி போட்டவர்களுக்கு அது கையில் பட்டால் என்ன ஆகும் என்பது தெரியும். அந்த அரிப்பைத் தரும் பொருளின் நெருங்கிய உறவுதான் லாக்கர் பாலில் இருக்கும் உருஷியோல். இறுகிய லாக்கரைத் தொட்டால் பொதுவாக ஒன்றும் ஆகாது. பச்சைப் பாலோடு வேலை செய்பவர்களுக்குத்தான் தொல்லை.

இந்த உருஷியோல்தான் பூச்சையும் உண்டாக்குகிறது. துணி காய்வது நீர் போவதால். லாக்கர் அப்படிக் காய்வதில்லை. காற்றில் ஈரம் இருந்தால்தான் பாலில் உள்ள நொதி வேலை செய்து, உருஷியோலை ஒன்றோடொன்று பிணைத்துக் கெட்டியாக்குகிறது. அதனால் பூசிய தட்டை வெயிலில் வைக்க மாட்டார்கள். ஈரப்பதம் 70, 80 சதவீதம் இருக்கும் மூடிய அறையில் வைப்பார்கள். வறண்ட நாளில் லாக்கர் நாள்கணக்கில் பிசுபிசுத்துக்கொண்டே கிடக்கும்.

மொத்தம் எத்தனை பூச்சு?

மிங் வம்ச (1368–1644) காலக் குறிப்பு ஒன்று அரண்மனைப் பட்டறைக்கு 36 என்று சொல்கிறது. நல்ல துண்டுகளில் நூறைத் தாண்டும். 200 வரைகூட எண்ணியிருக்கிறார்கள். ஒரு மில்லிமீட்டர் கனத்துக்கு ஏறத்தாழ 15 முதல் 20 பூச்சு வேண்டும். ஒவ்வொன்றும் இறுக ஒரு நாளாவது ஆகும். செதுக்குபவர் கத்தியை எடுக்கும்முன் பூசுபவருக்கு அரை ஆண்டு போய்விடும். மெல்லியதாகப் பூசக் காரணம், கனமாகப் பூசினால் மேல்தோல் மட்டும் இறுகி உள்ளே சுருங்கிக்கொள்ளும்.

சிவப்பு எதிலிருந்து?

சாதிலிங்கம். சித்த மருந்துக்கடைக்காரர்களுக்குப் பழக்கமான பெயர். பாதரசமும் கந்தகமும் சேர்ந்த தாது. மஞ்சளுக்கு அரிதாரம், கறுப்புக்குக் கரியோ இரும்போ, பச்சைக்கு அரிதாரத்தோடு அவுரி நீலம். பாதரசம் என்றதும் பயப்பட வேண்டாம். இறுகிய லாக்கருக்குள் அது பூட்டிக் கிடக்கிறது. சுரண்டுவதும் தேய்ப்பதும் சூடாக்குவதும் கூடாது, அவ்வளவுதான்.

இதில் நிறங்களைவிட இல்லாத நிறம்தான் சுவாரசியம். லாக்கர் பால் இயல்பிலேயே பழுப்பு. எதைக் கலந்தாலும் தூய வெள்ளை வராது. ஆகவே வெள்ளைக் கொக்கு சிவப்பாக நிற்கும். வெள்ளை கார்டீனியா பூவும் சிவப்பாகவே மலரும். ஒரே நிறத்தில் பன்னிரண்டு வகைப் பூவையும் ஐந்து வகைப் பறவையையும் பிரித்துக் காட்ட வேண்டும் என்று ஓவியரிடம் சொன்னால் கைவிரித்துவிடுவார். செதுக்குபவரின் வேலை அங்கேதான் தொடங்குகிறது.

அந்தப் பிரிவை எப்படிக் காட்டுகிறார்கள்? ஒரு தட்டை வைத்துச் சொல்ல முடியுமா?

யுவான் காலத்துத் தட்டுகளில் (யுவான் ஆட்சி 1271 முதல் 1368 வரை) அடிக்கடி வரும் அமைப்பு ஒன்று உண்டு. வட்டத் தட்டு. நடுவில் நீள்வால் பறவைகள் இரண்டு. ஒன்று மேலேறுகிறது, ஒன்று கீழிறங்குகிறது. கழுத்தைத் திருப்பி ஒன்றையொன்று பார்க்கின்றன. வால்கள் தட்டின் விளிம்போடு வளைந்து போவதால், தட்டே மெல்லச் சுழல்வது போலத் தோன்றும். மீதி இடமெல்லாம் பூ. ஊசி குத்த இடமில்லை.

இப்போது கிட்டே போய்ப் பாருங்கள். இதழ்களை அனேகமாக வெறுமையாக விட்டிருப்பார்கள். வழவழப்பான குழிவு, ஓரத்தில் ஒரு மடிப்பு, அடியிலிருந்து இரண்டு மூன்று கோடு. இலையில் நடுநரம்பும் கிளைநரம்புகளும். பறவைக்கு வந்தால் கோடுகள் நெருங்குகின்றன: கழுத்தில் மீன்செதில் போன்ற சிறு வளைவுகள், இறக்கையில் சீப்புப் பற்கள் போன்ற இணைகோடுகள், வாலில் ஒரு நடுத்தண்டும் இரு பக்கமும் மயிரிழைகளும். வழவழப்பான இடத்தில் வெளிச்சம் வழுக்கிப் பளிச்சென்று தெரிகிறது. கோடு நெருங்கிய இடத்தில் வெளிச்சம் சிதறிச் சற்றே இருளுகிறது. ஒரே சிவப்பு இரண்டு சிவப்பாகிவிடுகிறது. நிறம் செய்ய வேண்டியதைக் கோட்டின் நெருக்கம் செய்கிறது.

ஆழத்தையும் கவனியுங்கள். கொடித்தண்டு இலைக்கு அடியில் போகிறது, இலை பூவுக்கு அடியில், பூ பறவையின் வாலுக்கு அடியில். நான்கு அடுக்கு. மொத்தக் கனமோ நம் பழைய ஐந்து ரூபாய் நாணயத்தின் கனத்துக்கு அக்கம்பக்கம்தான். அதற்குள் இவ்வளவு மேல்கீழ் காட்டுவதற்குச் செய்யும் தந்திரம், அடியில் போகும் தண்டை முழு ஆழத்துக்குத் தள்ளாமல், இலையின் ஓரத்தை மட்டும் கூராகச் சரித்துவிடுவது. நிழல் மற்றதைப் பார்த்துக்கொள்ளும்.

ஓவியத்தைப் பார்த்துப் பிரதி எடுத்ததா?

வேர் ஓவியத்தில்தான். பறவை-மலர் ஓவியம் சீனத்தில் தனி வகை. சோங் பேரரசர் ஹுயிசோங் (ஆட்சி 1100–1126) தாமே அதில் கைதேர்ந்தவர், அரண்மனை ஓவியக்கூடத்தை அதில் ஊக்கியவர். ஒரு கிளை, ஒரு குருவி, மற்றபடி வெற்றுப் பட்டு என்பது சோங் ஓவியத்தின் பாணி. லாக்கர் அதற்கு நேர்மாறாக நிரப்பித் தள்ளுகிறது. வெற்றிடம் வேண்டுமானால் அரை ஆண்டு ஏற்றிய கனத்தை அந்த இடம் முழுக்க வழித்தெடுத்தாக வேண்டும். எந்தப் பட்டறைக்கு மனம் வரும்? நிரப்புதலுக்கு இதுவே முதற்காரணம் என்பது என் கணிப்பு. ஓவியத்தில் வெற்றிடம் இலவசம், லாக்கரில் அதுதான் விலை அதிகம்.

வானம், தரை எதுவுமே தெரியவில்லையே?

மனிதர்களும் மலைகளும் வரும் தட்டில் தெரியும். அங்கே வானத்துக்கு ஒரு சிறு கட்டக் கோலம், நீருக்கு அலைக்கோலம், தரைக்குப் பூக்கட்டக் கோலம் என்று மூன்று வகைப் பின்னணி செதுக்குவார்கள். பறவையும் பூவும் மட்டும் இருக்கும் தட்டில் அது பொதுவாகக் கிடையாது. இடுக்குகளில் அடியிலுள்ள மஞ்சள் பூச்சு எட்டிப் பார்க்கும், அவ்வளவே. அந்த மஞ்சள், சிவப்பை இன்னும் சூடாகக் காட்டும்.

எந்தப் பறவை, எந்தப் பூ? அதற்குப் பொருள் உண்டா?

உண்டு, பெரும்பாலும் ஒலிவிளையாட்டாக. சீன மொழியில் ஒரே ஒலியுள்ள சொற்கள் ஏராளம். சிலேடைக்குப் பழகிய நமக்கு இது உடனே பிடித்துப்போகும். அவர்கள் சிலேடையைச் சொல்லாமல் வரைந்துவிடுகிறார்கள்.

கொக்கும் தாமரையும் சேர்ந்து வந்தால் தேர்வுக்குப் போகிறவனுக்கு வாழ்த்து. கொக்குக்கு 'லு', வழிக்கும் 'லு'. தாமரை 'லியான்', தொடர்ச்சியும் 'லியான்'. "போகும் வழியெல்லாம் தொடர்ந்து தேர்ச்சி பெறுக" என்று படிக்க வேண்டும். அரசுத் தேர்வில் தேறினால்தான் பதவி என்றிருந்த நாட்டில் இந்த ஜோடி அலுக்காமல் வந்ததில் வியப்பில்லை.

பிளம் கிளையில் மாக்பை, காக்கைக் குடும்பத்துப் பறவை. அதன் பெயரிலேயே மகிழ்ச்சி என்ற சொல் இருக்கிறது. பிளம்மும் புருவமும் ஒரே ஒலி, 'மேய்'. "மகிழ்ச்சி புருவ நுனிக்கு ஏறியது" என்று பொருள். முகம் மலர்ந்தது என்று நாம் சொல்வதை அவர்கள் புருவத்தில் வைத்திருக்கிறார்கள்.

காடையும் சாமந்தியும் சேர்ந்தால் "அமைதியாக வாழ்க". காடையின் பெயரின் முதல் அசையும் அமைதியும் 'அன்'. சாமந்தியும் குடியிருத்தலும் 'ஜு'. வெள்ளைத்தலைச் சின்னான், பியோனி மலரோடு வந்தால் தம்பதிக்கான வாழ்த்து: தலை நரைக்கும்வரை செல்வமும் சிறப்புமாகச் சேர்ந்து வாழ்க. மாண்டரின் வாத்துகள் எப்போதும் ஜோடியாகத்தான் வரும். நம் பாட்டில் அன்றில் இருக்கும் இடம் அங்கே அதற்கு. பியோனி அங்கே பூக்களின் அரசன். அதனோடு பறவைகளின் அரசனான ஃபெங்குவாங் என்ற கற்பனைப் பறவை வந்தால் அரண்மனை வாசம் வீசும்.

நீள்வால் பறவை எது என்று பலர் கேட்கிறார்கள். தோற்றத்தில் பல கற்பனைக் கலவையும் உண்டு. ஆனால் வாலில் இரண்டு நீண்ட நாடாக்கள் தொங்கினால் அது பெரும்பாலும் ஷோதாய் பறவை. 'ஷோ' என்ற ஒலி நீண்ட ஆயுளையும் குறிக்கும், பதவிப் பட்டையின் நாடாவையும் குறிக்கும். இதன் நெருங்கிய உறவை நீங்களே பார்த்திருக்கலாம். நம் தோப்புகளில் வெள்ளை நாடாவை இழுத்துக்கொண்டு கிளைக்குக் கிளை தாவும் அரசவால் ஈபிடிப்பான்தான். சீனத் தட்டில் அதை அடையாளம் கண்ட நாளில் எனக்குப் பழைய தெருக்காரரைப் பார்த்த உணர்வு.

அப்படியானால் ஒவ்வொரு தட்டையும் விடுகதை போல அவிழ்க்க வேண்டுமா?

வேண்டாம். ஒலிவிளையாட்டு மிங் காலத்தின் பிற்பகுதியிலும் அடுத்து வந்த சிங் வம்ச (1644–1912) காலத்திலும்தான் வெறியாகப் பெருகியது. யுவான் காலத்துத் தட்டு ஒன்றில் செம்பருத்தி இனப் பூவும் இரண்டு பறவைகளும் இருந்தால், செம்பருத்தியும் இரண்டு பறவைகளும் அழகாக இருக்கின்றன என்பதே போதும்.

பெயர் தெரிந்த கலைஞர்கள் உண்டா?

முக்கியமாக இருவர். யுவான் கடைசிக் காலத்தில் செஜியாங் மாநிலத்து ஜியாசிங் பகுதியில் வாழ்ந்த ஜாங் செங், யாங் மாவ். பெய்ஜிங் அரண்மனை அருங்காட்சியகத்தில் ஜாங் செங் செய்த ஒரு கார்டீனியா தட்டு இருக்கிறது. பறவை கிடையாது. தட்டு முழுக்க ஒரே பெரிய பூ, விரிந்து கிடக்கிறது, சுற்றிலும் நான்கு மொட்டு, மீதி இலை. அடியில் இடப்பக்க ஓரத்தில் ஊசியால் கீறிய மூன்று எழுத்து: ஜாங் செங் செய்தது.

எனக்குத் தெரிந்து இந்தக் கலையின் உச்சம் அந்தப் பூதான். இதழ் ஒன்றன் மேல் ஒன்று ஏறும் இடத்தில் கூரான விளிம்பே இல்லை. கத்தி அங்கே போனது என்பதற்கான தடயத்தைத் தேய்த்துத் தேய்த்து மறைத்துவிட்டார். 16-ஆம் நூற்றாண்டில் ஹுவாங் செங் என்ற லாக்கர் கலைஞர் எழுதிய கைந்நூல் இதைத்தான் விதியாகச் சொல்கிறது: கத்தியின் முனையை ஒளி, மேடுகளை உருட்சியாக்கு. பழைய சீன லாக்கர் நூல்களில் இன்று மிஞ்சியிருப்பது அது ஒன்றே. அதுவும் சீனத்தில் மறைந்து, ஜப்பானில் கைப்படியாகத் தப்பி, 1927-இல்தான் தாய்நாட்டில் மீண்டும் அச்சேறியது.

காலத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில் ஒன்று: லாக்கரைச் செதுக்கும் வழக்கம் பறவை-மலருக்கு மூத்தது. மேற்குச் சீனத்துச் சின்ஜியாங்கின் மிரான் கோட்டையில் தொல்லியலாளர் ஆரல் ஸ்டைன் கண்டெடுத்த 8, 9-ஆம் நூற்றாண்டுத் தோல் கவசத் துண்டுகளிலேயே, பூச்சை வெட்டி உள்நிறத்தைக் காட்டும் உத்தி இருக்கிறது. ஆனால் அங்கே வட்டமும் வளைவும்தான், பறவை இல்லை.

யுவான் துண்டுகளில் விளிம்புகள் உருண்டிருக்கும், பூக்கள் பெரியவை, பறவைகளிடம் நல்ல வேகம் இருக்கும். மிங் பேரரசர் யொங்லே (ஆட்சி 1403–1424) ஜாங் செங்கின் மகன் ஜாங் தகாங்கைப் பெய்ஜிங்குக்கு அழைத்து, பழத்தோட்டப் பட்டறை என்று பெயர்பெற்ற அரண்மனைப் பட்டறையில் அமர்த்தினார். அந்தக் காலத்திலும் அடுத்து வந்த சுவாந்தே காலத்திலும் (1426–1435) அதே வழவழப்பு தொடர்கிறது. ஒழுங்கு மட்டும் கூடுகிறது. பூக்கள் வரிசையாக, அளவாக, அரண்மனை மரியாதையோடு. பக்கவாட்டில் விளக்கைப் பிடித்து வெட்டுவாயைப் பார்த்தால், சிவப்புக்குள் மயிரிழை போல ஒரு கறுப்புக் கோடு ஓடும் துண்டுகள் இக்காலங்களில் உண்டு. பூசும்போதே ஒரு கறுப்பு அடுக்கை நடுவில் வைத்துவிடுவார்கள். செதுக்குபவருக்கு அது ஆழக் குறி.

ஜியாஜிங் காலத்தில் (1522–1566) கத்தி கூர்மையாகிறது, வடிவங்கள் நெருக்கியடிக்கின்றன, ஆயுள், செல்வம் என்று எழுத்துகளே பூக்களுக்குள் முளைக்கின்றன. சியான்லோங் காலத்தில் (1736–1795) சூசோ பட்டறைகள் செய்தவை தொழில்நுட்பத்தின் கடைசிப் படி. ஒவ்வொரு மகரந்தமும் தனித்தனியாக நிற்கும். பார்த்து வியக்கிறேன், வீட்டுக்குக் கொண்டுபோ என்றால் யுவான் தட்டைத்தான் எடுப்பேன். சியான்லோங் பேரரசர்கூடப் பழைய யொங்லே துண்டுகளைப் பார்த்துக் கவிதை எழுதி, அதை அவற்றின் மேலேயே பொறிக்க வைத்தார். ரசனைக்குப் பாராட்டு. மேலேயே பொறித்ததற்கு இல்லை.

அடியில் ஆட்சிப்பெயர் இருந்தால் நம்பலாமா?

அவசரப்படாதீர்கள். யொங்லே முத்திரை ஊசியால் லேசாகக் கீறியது. சுவாந்தே முத்திரை கத்தியால் வெட்டிப் பொன் நிரப்பியது. சில துண்டுகளில் பொன் எழுத்துக்கு அடியில் பழைய ஊசிக் கீறல் மங்கலாகத் தெரிகிறது. சுவாந்தே காலக் கைவினைஞர்கள் தங்கள் வேலை தரத்துக்கு எட்டாததால் பழைய யொங்லே பொருளை வாங்கிப் புது முத்திரை போட்டுக் கணக்குக் காட்டினார்கள் என்று மிங் காலத்திலேயே ஒரு கதை உலவியது. ஜாங் செங், யாங் மாவ் பெயர்களோ, பிற்காலத்தில் பல துண்டுகளில் கேட்பாரற்றுப் பொறிக்கப்பட்டன. பெயரைக் கடைசியாகப் பாருங்கள். முதலில் இதழின் விளிம்பு.

ஜப்பானுக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

மிஞ்சியவற்றில் நல்ல பங்கு அங்கேதான் மிஞ்சியது. ஜென் துறவிகளோடு போனது, கோயில்களில் பத்திரமாக இருந்தது. யொங்லே பேரரசர் 1403 முதல் 1407 வரை ஜப்பானுக்கு அனுப்பிய பரிசுகளில் செதுக்கிய லாக்கர் மட்டும் 200-க்கும் மேல். பட்டியல் இன்றும் இருக்கிறது. அங்கே இதற்குத் த்சுயிஷு என்று பெயர். அந்தக் கலையைக் கற்ற ஒரு ஜப்பானியக் குடும்பம் த்சுயிஷு யோசெய் என்று பட்டப்பெயரே சூடிக்கொண்டது: யாங் மாவின் 'யாங்', ஜாங் செங்கின் 'செங்', இரண்டும் ஜப்பானிய உச்சரிப்பில். எல்லோருக்கும் நூறு பூச்சுக்குப் பொறுமையோ பணமோ இல்லை. அதனால் மரத்தைச் செதுக்கி மேலே லாக்கர் பூசும் காமாகுரா வேலைப்பாடு பிறந்தது. நம் முதல் கேள்வியில் சொன்ன தப்பெண்ணம் அங்கே உண்மையாகிவிட்டது.

கோரமண்டல் லாக்கர் என்கிறார்களே, அது நம் ஊரில் செய்ததா?

இல்லை, பெயர் மட்டும் நம்முடையது. 17-ஆம் நூற்றாண்டு முதல் சீனத்தில் செய்த பெரிய மடிப்புத் திரைகள், பெரும்பாலும் பன்னிரண்டு பலகை, ஐரோப்பியக் கம்பெனிகளின் சரக்கோடு சோழமண்டலக் கரைத் துறைமுகங்கள் வழியாக மேற்கே போயின. வாங்கியவர்கள் கப்பல் வந்த கரையின் பெயரைப் பொருளுக்கு வைத்துவிட்டார்கள். அவற்றிலும் பறவையும் பூவும் நிறைய. ஆனால் முறை வேறு: ஒரே கனமான பூச்சில் கோலத்தைக் குடைந்து, குழிக்குள் நிறங்களை நிரப்புவது. நிரப்பும் நிறத்தில் லாக்கர் பால் கட்டாயமில்லை, ஆகவே அங்கே கொக்கு வெள்ளையாகவே நிற்கலாம்.

என்னிடம் ஒரு சிவப்புப் பெட்டி இருக்கிறது. அசலா?

நானே ஏமாந்த கதையைச் சொல்கிறேன். சிங்கப்பூரில் ஒரு கடையில், பியோனியும் இரண்டு பறவைகளும் உள்ள சிறு பெட்டி; பழையது, கையால் செதுக்கியது என்றார்கள். விலை சற்று இடித்தாலும் வாங்கிவிட்டேன். மறுநாள் அதே வழியில் போனபோது, கண்ணாடி அலமாரியில் அதே இடத்தில் இன்னொன்று. கையிலெடுத்துப் பார்த்தேன். இடப்பக்கப் பூவின் மூன்றாம் இதழில் கடுகளவு ஒரு காற்றுக்குமிழ். அறைக்குத் திரும்பி என்னுடையதைப் பார்த்தேன். அதே பூ, அதே இதழ், அதே குமிழ். இரண்டும் ஒரே அச்சில் வார்த்த பிசின்.

இப்போது இதைத்தான் பார்க்கிறேன்: குழிகளின் அடியில் கத்தி திரும்பிய தடம் இருக்கிறதா, அல்லது எல்லாம் மெழுகு போல வழிந்து முடிகிறதா? உடைந்த ஓரத்தில் பூச்சு அடுக்குகள் தெரிகின்றனவா? இலைக்கு அடியில் கத்தி உள்வாங்கி வெட்டியிருக்கிறதா? வார்ப்பில் அப்படி வெட்டினால் அச்சிலிருந்து கழற்ற முடியாது. பக்கவாட்டில் அச்சு சேர்ந்த கோடு இருக்கிறதா? சூடான ஊசியால் குத்திப் பார்க்கச் சொல்பவர்களின் பேச்சைக் கேட்காதீர்கள். அசலாக இருந்தால் அதோடு அதன் மதிப்பும் போனது.

பெட்டியை எறியவில்லை. குண்டூசி போட்டு வைத்திருக்கிறேன்.

எப்படிப் பாதுகாப்பது?

வெயில் படாமல், ஏசி காற்று நேராக அடிக்காமல் வையுங்கள். உள்ளே மரம், மேலே லாக்கர். வறட்சியில் இரண்டும் வெவ்வேறு அளவில் சுருங்கிப் பூச்சு வெடிக்கும். தூசிக்கு மென்மையான தூரிகை போதும். ஈரத்துணி, எண்ணெய், மரச்சாமான் மெழுகு எதுவும் வேண்டாம்.

இன்றும் செய்கிறார்களா?

செய்கிறார்கள். 19-ஆம் நூற்றாண்டில் ஏறக்குறைய நின்றுபோன தொழில் பெய்ஜிங்கில் மீண்டும் துளிர்த்தது. 2006-இல் சீன அரசின் மரபுக் கலைகளின் முதல் பட்டியலில் பெய்ஜிங் செதுக்கு லாக்கர் இடம்பெற்றது. அங்கே இப்போது அடியில் மரத்துக்குப் பதில் செம்பு உடல் வழக்கம். பாலோடு துங் எண்ணெய் கலந்து பூசுகிறார்கள்; பூச்சு முழுக்க இறுகும் முன், பாலாடைக்கட்டிப் பதத்தில் இருக்கும்போதே கத்தி இறங்கிவிட வேண்டும். பூசியவர் முடித்துவிட்டார் என்றால் செதுக்குபவருக்கு விடுப்பு கிடைக்காது.

எங்கே பார்க்கலாம்? தொட்டுப் பார்க்க விடுவார்களா?

பெய்ஜிங், தைபே அரண்மனை அருங்காட்சியகங்கள் முதலிடம். நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இர்விங் தம்பதி கொடுத்த சேகரிப்பு உண்டு. லண்டனில் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகத்துக்குப் போனால் சுவாந்தே காலத்து இழுப்பறை மேசையை விட்டுவிடாதீர்கள். பழத்தோட்டப் பட்டறையின் பெரிய மரச்சாமான்களில் மிஞ்சியது அது. மேசைப்பரப்பு முழுக்கச் செதுக்கல், நடுவில் டிராகனும் ஃபெங்குவாங்கும், சுற்றிலும் பூ. பேரரசருக்கு மட்டுமே உரிய ஐந்து நகங்களில் ஒன்றை ஒவ்வொரு பாதத்திலும் யாரோ பிற்காலத்தில் சுரண்டி எடுத்திருக்கிறார்கள். அரண்மனைக்கு வெளியே போன பிறகு ஐந்து நகத்தோடு வைத்திருக்கப் பயம்.

தொட விட மாட்டார்கள். கண்ணாடிக்கு அருகில் குனிந்து, தலையை மெல்ல இடமும் வலமும் அசைத்துப் பாருங்கள். இதழில் வெளிச்சம் நகரும். காவலர் ஒரு மாதிரியாகப் பார்ப்பார், பழகிவிடும்.